சவரனுக்கு முந்நூற்று முப்பது கிலோ

கேஜிஎஃப் நந்திதுர்க்கிலிருந்து சைக்கிளில் கிளம்பி ஏரியும் மலையுமாகச் சுற்றுகிறேன் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயல் என்றால் அவர்களுக்குச் சினிமாவில் பார்த்த கரியும் சங்கிலியும் துப்பாக்கியும்தான். இங்கே மலையா, ஏரியா?

இருக்கிறது. காலை ஐந்தரைக்கு ராபர்ட்சன்பேட்டையைத் தாண்டி பேத்தமங்கலம் ரோட்டைப் பிடித்தால், வெயில் ஏறுவதற்குள் பேத்தமங்கலம் ஏரிக்கரை வந்துவிடும். வாணர் காலத்து ஏரி அது. ஊரின் பழைய பெயர் விஜயாதித்யமங்கலம். அங்கிருந்து ஒரு பக்கம் குட்டஹள்ளி பங்காரு திருப்பதி. வடக்கே போனால் சீதை லவகுசர்களைப் பெற்ற இடம் என்று சொல்லப்படும் ஆவணி மலை, அதற்கும் மேலே முள்பாகலும் குருடுமலைப் பிள்ளையாரும். எதிர்ப்பக்கம் வண்டியைத் திருப்பினால் 108 அடி லிங்கம் நிற்கிற கம்மசந்திரா, பிறகு காமசமுத்திரம், ஹைதர் அலி பிறந்த பூதிகோட்டை, அதன் பக்கத்தில் மார்க்கண்டேயா அணை. மேற்கே பங்காருபேட்டை வழியாகக் கோலார், கோலாருக்கு மேலே அந்தரகங்கை. எல்லா ரோட்டிலும் பாறைக் குன்றுகள் கூடவே வரும். லாரி குறைவு. நவம்பர், டிசம்பரில் மட்டும் ஒரு தொந்தரவு உண்டு. கொள்ளுச் செடியையும் ராகிக் கதிரையும் ரோட்டில் பரப்பிவிடுவார்கள், போகிற வண்டிகளே போரடித்துக் கொடுத்துவிடட்டும் என்று. கொள்ளுக்கொடி கியர் பல்லில் சுற்றிக்கொண்டால் இறங்கி உட்கார்ந்து பிய்க்க வேண்டியதுதான். தக்காளி விலை விழுந்த வாரத்தில் ஓரமெல்லாம் தக்காளி கொட்டிக் கிடக்கும். அதையும் பார்த்து ஓட்ட வேண்டும்.

கோலார்ச் சீமையில் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. அதனால்தான் இத்தனை ஏரி. ஆயிரம் வருஷமாக மனிதர்கள் மண்ணைக் குவித்துக் குவித்துக் கரை கட்டியிருக்கிறார்கள். மேல் ஏரி நிரம்பிக் கோடி போனால் கீழ் ஏரிக்குத் தண்ணீர், அது நிரம்பினால் அதற்கும் கீழே. இந்த வரிசையை ஒட்டியே பாதி ரோடுகள் போகின்றன, சைக்கிளில் போகிறவனுக்குக் காலே சொல்லிவிடும், இப்போது சரிவில் போகிறோம், அடுத்த ஏரி வரப்போகிறது என்று. எந்த ஏரியில் நின்று பார்த்தாலும் அந்தத் தண்ணீர் மேலூர்க்காரன் மாடு குளிப்பாட்டி, துணி துவைத்து, மிச்சம் விட்டது. கோலாரில் எச்சில்படாத ஏரி ஒன்றுகூட இல்லை.

என் கேள்வி இந்த ரோடுகளில் கிடைத்தது. எது சுத்தம்? அதை யார் சொல்வது?

எங்கள் சுரங்கத்துக்குப் பெயர் கொடுத்த நந்திதுர்க்கம் இங்கே இல்லை. அது சிக்கபள்ளாப்பூர் பக்கம் இருக்கிற மலை, உயரம் 4,851 அடி. மைசூர் சமஸ்தானத்தில் அந்த மலையின் பெயரில் ஒரு டிவிஷனே இருந்தது, அதில் கோலாரும் அடக்கம். வெள்ளைக்காரன் கம்பெனி அதே பெயரைச் சுரங்கத்துக்கும் வைத்துக்கொண்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் பெங்களூருப் பையன்கள் லட்ச ரூபாய் சைக்கிளில் அந்த மலைக் கொண்டையூசி வளைவுகளில் மூச்சிரைக்க ஏறுகிறார்கள். நானும் ஏறிப் பார்த்தேன். முழங்கால் வலி வந்ததே தவிர ஞானம் ஒன்றும் வரவில்லை. ஆனால் ஒரு விஷயம் உண்டு. பாலாறு அந்த மலைப் பக்கத்தில்தான் பிறக்கிறது. பிறந்து, ஏரி ஏரியாக இறங்கி, பேத்தமங்கலத்துக்கு வருகிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அந்த ஏரித் தண்ணீரைத்தான் கம்பெனி பம்ப் செய்து சுரங்கத்துக்கும் பங்களாக்களுக்கும் எங்கள் தொழிலாளர் லைன் குழாய்களுக்கும் கொடுத்தது. ஆக, எந்த மலையின் பெயரைச் சுமந்த சுரங்கத்துக்குள் என் நைனா இறங்கினாரோ, அந்த மலையின் தண்ணீரைத்தான் மேலே வந்து குடித்தார். அதற்குப் பிறகு பாலாறு ஆந்திராவுக்குள் நுழைந்து, வாணியம்பாடி, ஆம்பூர் என்று போகிறது. என் ஆயா பிறந்தது ஆம்பூர்ப் பக்கம் ஒரு கிராமத்துச் சேரியில். தண்ணீர் இங்கிருந்து அங்கே போனது, நாங்கள் அங்கிருந்து இங்கே வந்தோம்.

ஏன் வந்தோம் என்று ஆயா சொன்னதில் கூலி இரண்டாவதாகத்தான் வரும். கிணறு முதலில் வரும். ஊர்க் கிணற்றில் அவள் குடம் இறங்கக் கூடாது. யாராவது இறைத்து ஊற்றும் வரை ஓரமாக நிற்க வேண்டும். கோலாருக்கு வந்து லைனில் குழாயைத் திருகியதும் தண்ணீர் வந்ததே, அதை அவள் கடைசி வரை ஒரு அதிசயமாகத்தான் சொன்னாள். தட்டி வீடு, மூட்டைப் பூச்சி, ஷிஃப்ட் சங்கு, கையில் நம்பர் போட்ட உலோகத் தாயத்து என்று கம்பெனி கொடுத்த அவமானங்கள் நிறைய. ஆனால் குழாய் யாரென்று கேட்கவில்லை என்பாள்.

தாத்தா வேறு மாதிரி ஆள். எங்கள் ஊர்ச் சாம்பியன் ரீஃப்ஸ் பௌத்த சங்கத்துக்காரர். அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் சென்னை இராயப்பேட்டையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு இங்கே மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. பண்டிதர் 1914-இல் இறந்த பிறகு, அவருடைய ‘தமிழன்’ பத்திரிகை 1926-இல் மறுபடி உயிர்பெற்றது இங்கேதான், அப்பாதுரையார் கையில். பண்டிதருடைய எழுத்துகளைப் புத்தகமாக அச்சடித்து விற்ற சித்தார்த்தா புத்தகசாலையும் சாம்பியன் ரீஃப்ஸில்தான். ஆயிரக்கணக்கான அடி ஆழத்திலிருந்து கேஜில் ஏறி வந்தவர்கள் குளித்துவிட்டு உட்கார்ந்து, புத்தர் என்ன சொன்னார், நாம் யார், நம்மை யார் தாழ்த்தியது என்று பேசியிருக்கிறார்கள். அதை யாராவது சினிமாவாக எடுத்தால் பார்ப்பேன்.

அங்கே கேட்டுத் தாத்தா எனக்குச் சொன்ன கதைகளில் புண்ணிகாவின் கதை ஒன்று. அனாதபிண்டிகர் வீட்டு அடிமைப் பெண். மார்கழிக் குளிரிலும் ஆற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு வர வேண்டும், தவறினால் எஜமானியம்மாளிடம் அடி. ஒரு நாள் ஒரு பிராமணர் அதே ஆற்றில் நடுங்கிக்கொண்டே முழுக்குப் போடுகிறார். எதற்கு என்று கேட்கிறாள். பாவம் போக, என்கிறார். அவள் கேட்கிறாள்: அப்படியானால் தவளையும் ஆமையும் முதலையும் அல்லவா முதலில் சொர்க்கத்துக்குப் போகும்? போதாததற்கு இன்னொன்றும் கேட்கிறாள்: பாவத்தை அடித்துக்கொண்டு போகிற ஆறு புண்ணியத்தை மட்டும் விட்டுவைக்குமா? தேரிகாதையில் இருக்கிற சங்கதி இது. தாத்தா இதைச் சொல்லும்போது தவளை மாதிரி கத்திக் காட்டுவார். ஆயா அடுப்படியிலிருந்து, அந்தப் பெண்ணுக்கு அப்புறமாவது குளிரில் இறங்காமல் இருக்க விட்டார்களா என்று கேட்பாள். விட்டார்கள், அவள் பிக்குணி ஆனாள் என்று தாத்தா சொன்னதும்தான் சமாதானமாவாள்.

எனக்குச் சைக்கிள் கூட்டாளி ஒருவர் இருக்கிறார். கோலார் டவுன்காரர், கன்னட மேஷ்ட்ராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை மேஷ்ட்ரே என்பேன், அவர் என்னைச் சார் என்பார், சண்டை முற்றினாலும் அது மாறாது. அந்தரகங்கையில் பாறைக்குள்ளிருந்து வந்து கல் பசவனின் வாய் வழியாக விழுகிற தண்ணீரை அவர் ஒவ்வொரு தடவையும் பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவார். கோடையிலும் நிற்காத ஊற்று, தட்சிண காசி. நானும் குடிப்பேன். குளிர்ந்த, நல்ல தண்ணீர்தான்.

அதே மேஷ்ட்ரு நரசாபுரம் பக்கத்து ஏரிகளைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். காரணம் தெரிந்ததுதான். 2018 ஜூன் முதல் பெங்களூரின் கழிவுநீர், கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கில் இரண்டாம் நிலை வரை சுத்திகரிக்கப்பட்டு, குழாயில் ஏறி வந்து கோலார்ப் பக்கத்து ஏரிகளை நிரப்புகிறது. 126 ஏரிகளுக்கு என்று போட்ட திட்டம். முதலில் தண்ணீர் வந்த லட்சுமிசாகர ஏரியில் அடுத்த மாதமே நுரை பொங்கியது. உயர் நீதிமன்றம் தடுத்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, பிறகு தண்ணீர் மறுபடி வந்தது. பல வருஷம் வறண்டு கருவேலம் முளைத்துக் கிடந்த ஏரிகளில் இப்போது நாரை நிற்கிறது. செத்துப்போன போர்வெல்களில் தண்ணீர் ஏறியது. மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு இல்லாமல் இதை விடுவது விஷத்தை நிலத்தடியில் சேர்ப்பதுதான் என்று விவசாயிகளில் ஒரு சாரார் இன்றைக்கும் போராடுகிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம். உலோகம் எவ்வளவு, உப்பு எவ்வளவு, சோப்பு எவ்வளவு என்று அவர்கள் அளவைக் கேட்கிறார்கள்.

மேஷ்ட்ரு அளவைக் கேட்கவில்லை. “கங்கையில் பிணம் மிதந்தாலும் கங்கை கங்கைதான் சார். இது பெங்களூர் கக்கூஸ். எத்தனை சுத்தம் பண்ணினாலும் அது அதுதான்” என்றார்.

ஏரிக்கரைக் கல்லில் உட்கார்ந்திருந்தோம். நான் கேட்டேன்: “அப்போ தண்ணிக்கும் பிறப்புப் பார்க்கிறீங்க. மேல் குலத்துல பிறந்தது என்ன செஞ்சாலும் சுத்தம், கீழ பிறந்தது எத்தனை குளிச்சாலும் அழுக்கு.”

அவர் புத்திசாலி. கோபித்துக்கொள்ளவில்லை. பிறப்பு என்று நான் சொல்வது தப்பு, பாவனை என்று சொல்லுங்கள் என்றார். கல்லில் சாமி இருப்பதும் பாவனைதான், பசவன் வாய்த் தண்ணீர் தீர்த்தம் ஆவதும் பாவனைதான். கோடிக்கணக்கான பேர் கைகூப்பிய இடத்தில் மனசு அடங்குகிறது. கழிவுநீர்க் குழாயின் முன்னால் யார் கைகூப்புவார்கள்? ஆய்வுக்கூடத்துச் சீட்டைப் பார்த்து மனசு அடங்குமா?

இதை நான் லேசாகத் தள்ளவில்லை. மனிதனுக்குப் பாவனை வேண்டும்தான். நானே பேத்தமங்கலம் ஏரியைப் பார்த்தால் நைனாவை நினைத்துக் கும்பிட்டுக்கொள்கிறவன். ஆனால் ஆயாவின் குடத்தைக் கிணற்றுக்கு வெளியே நிறுத்தியதும் அதே பாவனைதான். அவள் கையில் என்ன இருந்தது என்று எவனும் சோதித்துப் பார்க்கவில்லை. இவள் தொட்டால் தீட்டு என்று ஊரே மனசார நினைத்தது. அந்த நினைப்புக்கும் ஆயிரம் வருஷப் பழமை இருந்தது, கைகூப்பல் இருந்தது. தீர்த்தத்தை உண்டாக்குகிற மனசு அந்த மூச்சிலேயே தீட்டையும் உண்டாக்குகிறது என்றேன். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட முடியாதா என்று மேஷ்ட்ரு கேட்டார். முடிந்தால் நல்லது, இதுவரை யார் விட்டார்கள் என்று தெரியவில்லை என்றேன்.

பிறகு அவர் மடக்கினார். “சரி சார், உங்க புத்தர் வந்தா இந்த ஏரித் தண்ணியைக் குடிப்பாரா?”

இதற்குத் தாத்தா கொடுத்த பதில் ஒன்று என்னிடம் இருந்தது. பிக்குவுக்கு அனுமதிக்கப்பட்ட உடைமை எட்டு. மூன்று துவராடை, ஓடு, சவரக்கத்தி, ஊசி, இடுப்புக்கயிறு. எட்டாவது, தண்ணீர் வடிகட்டி. சோறு வாங்குகிற ஓட்டுக்கு நிகராக ஒரு துணி வடிகட்டியை வைத்திருக்கிறார்கள். ஆகவே எந்தத் தண்ணீரானாலும் புத்தர் முதலில் வடிகட்டுவார். எங்கே பிறந்தது, யார் தொட்டது என்று அந்தத் துணி கேட்காது. உள்ளே என்ன இருக்கிறது என்பதைத்தான் அது பார்க்கும். அதுவும் தன் வயிற்றைக் காப்பாற்ற மட்டும் இல்லை. தண்ணீரில் இருக்கிற சின்ன உயிர்கள் தன்னால் சாகக் கூடாது என்பதுதான் முதல் காரணம். 7-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனத் துறவி இத்சிங் இதைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார். எப்படி வடிகட்டுவது, எப்படி உற்றுப் பார்ப்பது, துணியில் சிக்கிய பூச்சிகளை எப்படித் திரும்பத் தண்ணீரிலேயே கொண்டுபோய் விடுவது என்பது வரை.

அந்தக் கடைசி விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. வடிகட்டினால் மட்டும் வேலை முடியவில்லை. வடிகட்டியில் நின்றது எங்கே போகிறது என்பதும் வடிகட்டினவன் பொறுப்பு. சுத்தத்தைப் பற்றிப் பேசுகிற எந்த மதத்திடமும், எந்த நகராட்சியிடமும் நான் இப்போது கேட்பது இந்த ஒன்றைத்தான்: உங்கள் வடிகட்டியில் நின்றது எங்கே?

எங்கள் ஊரில் அது எங்கே என்று தேட வேண்டியதில்லை. வாசலிலிருந்தே தெரியும். சயனைட் டம்ப் என்று நாங்கள் சொல்கிற மலைகள். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி எழுந்த மலைகள். சயனைடாவது வெயிலில் சிதையும், மாவு எங்கேயும் போகாது. நூற்றிருபது வருஷத்தில், 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடுகிற வரை, இங்கே எடுத்தது சுமார் 800 டன் தங்கம். டம்ப்பில் கிடப்பது சுமார் 3.3 கோடி டன். நான் ஓய்வு பெறும் வரை ஸ்வர்ணா ரயிலில் பெங்களூரு போய் ஃபேக்டரியில் கணக்குப் பார்த்தவன், அதனால் வகுத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு கிராம் தங்கத்துக்கு நாற்பத்தொன்றே கால் கிலோ. ஒரு சவரனுக்கு முந்நூற்று முப்பது கிலோ.

தங்கத்துக்குத் தீட்டே கிடையாது என்பார்கள். சுரங்கத்தில் அதை உடைத்தவன் கோயிலுக்குள் போக முடியாத காலத்திலும் அவன் உடைத்தது அம்மன் கழுத்து வரை போனது. நடுவில் அது விஷத்தில் முங்கி எழுந்த கதையை யாரும் கேட்கவில்லை. அதனோடு முங்கின மற்ற இரண்டும் இங்கேயே நின்றுவிட்டன. ஒன்று அந்த மாவு. கோடைக் காற்றில் அது எழும்பினால் பிள்ளைகள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்கள், துவைத்துக் காயப்போட்ட வேட்டி சாம்பல் நிறம் ஆகும். இரண்டாவது, கல்தூசியை நுரையீரலில் வாங்கிக்கொண்ட ஆட்கள். நைனா கடைசி வருஷங்களில் உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். படுத்தால் மூச்சு வராது.

இதைச் சொல்லிவிட்டு எங்கள் ஆட்களை விட்டுவிட்டால் தாத்தாவே எழுந்து வந்து கேட்பார். லைன்களில் அப்போது பெரும்பாலும் எடுப்புக் கக்கூஸ்தான். அதை வாளியில் சுமந்தவர்கள் வேறு ஆட்கள், வேறு வரிசையில் இருந்தார்கள். புத்தரைப் பற்றிப் பேசினவர்கள் வீட்டுத் திண்ணையிலும் அவர்களுக்கு டம்ளர் தனியாகத்தான் இருந்தது. 2011 வாக்கில்கூட மனிதக் கழிவை மனிதர் அள்ளுவது கேஜிஎஃப்பில் நடக்கிறது என்று மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. ஊரெல்லாம் எங்களை வடிகட்டியில் நிறுத்தியது, நாங்கள் அவர்களை நிறுத்தினோம். ஏரி வரிசை மாதிரியே அழுக்கும் மேலிருந்து கீழே கோடி போகிறது.

இதில் வேடிக்கை ஒன்றும் உண்டு. 1965-இல் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் ஜப்பான், இங்கிலாந்து ஆட்களோடு சேர்ந்து எங்கள் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவி வைத்து, வளிமண்டலத்தில் உண்டாகிற நியூட்ரினோவின் தடத்தைக் கண்டார்கள். அத்தனை ஆழம் எதற்கென்றால், மேலிருந்து வருகிற மற்ற துகள்களின் இரைச்சலையெல்லாம் பாறை வடிகட்டிவிடும். ஆக, உலகத்திலேயே சுத்தமான இடம் என்று அவர்கள் தேடி வந்தது எங்கள் அடித்தளத்தை. அதே அடித்தளத்தைப் பற்றித்தான் 2012 நவம்பரில், கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, அணுக்கழிவை வைக்கக் கைவிடப்பட்ட கோலார்ச் சுரங்கத்தைப் பார்க்கலாம் என்று பேச்சு வந்தது. ஊர் திரண்டு தெருவுக்கு வந்த பிறகு, அப்படித் திட்டம் இல்லை என்று மத்திய அரசு சொன்னது. பெங்களூர்க் குப்பையை எங்கள் பள்ளங்களில் கொட்டலாம் என்ற யோசனையும் ஒரு காலத்தில் அடிபட்டதுதான். ஒரு தடவை டம்ப் ஆன ஊருக்கு எல்லோருடைய குப்பையும் வழி கேட்டுக்கொண்டு வந்துவிடுகிறது.

கீழே, பாலாறு போகிற வழியிலும் இதே கதை. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் ஷெட்டுகளின் கழிவு ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் கொடுத்த தீர்ப்பு சட்டக் கல்லூரிகளில் பாடம். செருப்பு பளபளவென்று கப்பலேறிப் போனது. ஆயாவை விடாத அந்தக் கிணற்றுத் தண்ணீரை இன்றைக்கு எந்தச் சாதிக்காரனும் குடிப்பதில்லை என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். கேட்டுச் சந்தோஷப்பட முடியவில்லை.

பெங்களூரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். நூறு கிலோமீட்டர் தாண்டிக் காவிரியை இழுத்துக் குடிக்கிறது, கழித்தது எங்கள் பக்கம் வருகிறது. இதில் கோலார்க்காரன் முகம் சுளிப்பது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். அவன் கேட்க வேண்டியது ஒன்றுதான். இன்னொரு தடவை நன்றாக வடிகட்டிக் கொடு, வடிகட்டியில் நின்ற சேற்றை நீயே வைத்துக்கொள் என்று கேட்க வேண்டும். அப்படிச் செய்தால் அந்தத் தண்ணீர் அந்தரகங்கைத் தண்ணீருக்கு எந்த விதத்திலும் தாழ்ந்ததில்லை. பசவன் வாயில் விழுவதும் ஏதோ ஒரு மேகம் ஏதோ ஒரு சாக்கடையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்ததுதானே.

மேஷ்ட்ரு இதை ஒப்புக்கொள்ளவில்லை. மேகம் எடுத்தால் அது தேவதை எடுத்தது, பம்ப் எடுத்தால் அது கார்ப்பொரேஷன் எடுத்தது என்றார். அதுவரைக்கும் நல்ல பதில்தான்.

போன மழைக்காலத்தில் அவரை நந்திதுர்க்குக்கு வரச் சொன்னேன். அந்தரகங்கைக்கு நான் எத்தனையோ தடவை வந்தாயிற்று, எங்கள் மலையை நீங்கள் பார்த்ததில்லை என்றேன். ராத்திரி மழை பெய்த மறுநாளாகப் பார்த்து வந்தார், தூசி அடங்கியிருக்கும் என்று. பங்காருபேட்டை வழியாகக் கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டி, உரிகம் தாண்டி, மூடிக்கிடக்கிற சாஃப்ட்டின் இரும்புக் கோபுரம் வரை சேர்ந்து ஓட்டினோம். டம்ப்பின் சரிவில் மழை கோடு கோடாக அரித்திருந்தது. ஈரத்தில் அது வெளிர் மஞ்சளாக, நிஜ மலை மாதிரியே இருந்தது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இந்த டம்ப்புகளை மறுபடி தோண்ட ஒப்புக்கொண்டிருக்கிறது, மிச்சத்திலும் இன்னும் தங்கம் இருக்கிறது என்று சொன்னேன். அப்போ இதற்கும் சாப விமோசனம் உண்டு என்றார். உண்டு, ஆனால் தோண்டி எடுத்த பிறகும் அதே அளவு மாவு மிச்சமாகும் என்றேன்.

சவரன் கணக்கைச் சொன்னதும் அவர் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு விரலை மடக்க ஆரம்பித்தார். கணக்கு மேஷ்ட்ரு இல்லை, இருந்தாலும் விடவில்லை.

“மகள் கல்யாணத்துக்கு நாற்பது சவரன் போட்டேன் சார்.”

“எல்லாம் எங்க ஊர்த் தங்கமா இருக்காது மேஷ்ட்ரே. எங்க தங்கத்துல நிறைய லண்டனுக்கே போச்சு.”

“எந்த ஊரா இருந்தா என்ன, அங்கேயும் ஒரு மேடு இருக்கும்தானே. பதின்மூணு டன் இருநூறு கிலோ. என் பேர்ல.” கொஞ்ச நேரம் மேட்டைப் பார்த்தார். “லாரி வாடகை எவ்வளவு ஆகும்?”

இரண்டு நடை அடிக்க வேண்டியிருக்கும் என்றேன். வாடகையைப் பற்றி அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. சம்சாரத்திடம் எப்படிச் சொல்வது, வீட்டு முன்னால் ஸ்கூட்டர் நிறுத்தவே இடமில்லையே, அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் காம்பவுண்டு ஓரமாகக் கொட்டினால் சும்மா இருப்பானா என்று ராபர்ட்சன்பேட்டை டீக்கடை வரும் வரை அதையேதான் பேசிக்கொண்டு வந்தார்.